மேலிருந்து மூன்றாவது கிளை

அனுமதிக் கடிதம் கைக்கு வந்த சந்தோஷத்தில் குருவி அதை நாலு தடவை படித்தாள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். அது சரியில்லை. நாலு தடவை பார்த்தாள். முதல் பக்கத்தில் 'அனுமதிக்கப்படுகிறது' என்ற ஒற்றை வார்த்தை கண்ணில் பட்டதும் மற்றதெல்லாம் மங்கிவிட்டது. அன்றே இரண்டாம் பக்கத்தைப் புரட்டியிருந்தால் இன்றைக்கு இவ்வளவு அலைச்சல் இருந்திருக்காது. எனக்கும் எழுத ஒன்றும் கிடைத்திருக்காது.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்தக் குடும்பத்துக்கு மரம்தான் தொழில். அப்பா ஏறுவார், கிளையை வெட்டி இறக்குவார். அம்மா கீழே நின்று, அவர் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வாள். இருபத்தாறு வருஷமாகப் பிடிக்கிறாள். ஒரு தடவைகூட நழுவவிட்டதில்லை. இவர்களுக்கு ஒரே மகள், குருவி. பேர்தான் குருவி, ஸ்டூல் மேல் ஏறினாலே அவளுக்குத் தலை சுற்றும். அவள் பேப்பர் வேலை பார்க்கிறவள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் நகராட்சிக்குப் புது மர அதிகாரி வந்தார். பாதுகாக்கப்பட்ட மரங்களுக்கெல்லாம் தகரத்தில் நம்பர் அடித்தார். படிவம் கொண்டுவந்தார். முன்பு இருந்தவர் மரத்தடிக்கே வருவார், அப்பா விரலை நீட்டிக் காட்டுவார், அவர் தலையாட்டுவார், வேலை முடிந்தது. புதியவரிடம் விரல் செல்லாது. எழுதிக் கொடுக்க வேண்டும்.

அப்பா எழுதிக் கொடுத்த முதல் படிவத்திலேயே வம்பு வந்தது. அனுமதி தந்த கிளையை விட்டுவிட்டு வேறு கிளையை வெட்டிவிட்டார் என்று அபராதம் போட்டார்கள். பாதுகாக்கப்பட்ட மரங்களில் வேலை எடுக்கிறவர்களின் பட்டியலிலிருந்தும் அவர் பேரை அடித்துவிட்டார்கள். "எழுதினதைத்தான் வெட்டினேன்" என்று அலுவலகப் படிக்கட்டில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரிக் கத்திவிட்டு இறங்கினவர், அதன் பிறகு அந்தப் படியை மிதிக்கவில்லை. அந்தத் தெரு வழியாக லாரி ஓட்டினால்கூட முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

அதனால்தான் குருவி பரீட்சை எழுதி, தேறி, தன் பேரில் பட்டியலில் இடம் பிடித்தாள். இப்போது காகிதப்படி அவள் முதலாளி, அப்பா அவளிடம் வேலை பார்க்கும் ஆள். பல் டாக்டரம்மாவின் மருத்துவமனை மரம் அவளுடைய முதல் அனுமதி. ஆறு வாரம் காத்திருந்து வாங்கினது.

இனி இன்றைய காலை.

*

நூற்றி நாற்பத்திரண்டாம் நம்பர் மகோகனி மரம், பல் டாக்டரம்மாவின் மருத்துவமனை வாசலில் நிற்கிறது. நேராக வளர்ந்த நடுமரம், மாடிப்படி மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக ஏழு பெரிய கிளைகள். அதில் ஒன்று, நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்து தங்கள் முறைக்காகப் பயந்துகொண்டிருக்கும் கூடத்தின் தகரக் கூரைக்கு மேலே நீண்டிருக்கிறது.

காலை ஏழரை மணிக்கெல்லாம் லாரியைக் குறுக்கே நிறுத்தி, தெருவின் பாதியைத் தடுப்பு வைத்து மறித்தாயிற்று. அப்பா பெல்ட்டைக் கட்டிக்கொண்டார். அம்மா ஒவ்வொரு முடிச்சையும் கையால் இழுத்துப் பார்த்தாள்.

"முதலாளியம்மா, ஏறலாமா?" என்று அப்பா மகளைக் கேட்டார். பதினைந்து நாளாக இந்தக் கிண்டல்தான்.

"ஏறுங்க, ஏறுங்க. சாயந்திரம் சம்பளம் வேணும்ல," என்றாள் குருவி.

அவர் ஏறின வேகத்தைப் பார்த்து, எதிர்வீட்டு மாடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷை வாயிலேயே விட்டுவிட்டார். ஐம்பத்திரண்டு வயசு. அந்த வயசில் பலர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே கையை ஊன்றுகிறார்கள்.

வேலை நடக்கும் இடத்தில் அனுமதிக் கடிதத்தை நாலு பேர் பார்க்கிற மாதிரி மாட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். குருவி அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தடுப்பில் கட்டப் போனாள். அப்போதுதான் இரண்டாம் பக்கம் அவள் பக்கம் திரும்பியது.

அதில் மர அதிகாரி தன் கையால் மரத்தை வரைந்திருந்தார். அழகாகவே வரைந்திருந்தார். கீழிருந்து மேலாக ஒன்று, இரண்டு என்று ஏழு வரை எண் போட்டு, மூன்றாவது கிளையின் மேல் சிவப்புப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.

குருவி மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி மரத்தைப் பார்த்தாள்.

படத்தில் சிவப்புக் குறி இருந்த கிளை தெருப்பக்கம் நீண்டிருந்தது. மரத்திலேயே தடியான, ஒரு குறையும் இல்லாத கிளை. அப்பா உட்கார்ந்திருந்ததோ அதற்கு இரண்டு கிளை மேலே. கூரைக்கு மேல் நீண்டிருந்த கிளையின் அடிப்பாகத்தில்.

மேலே மெஷின் ரம்பம் ஒரு தடவை உறுமி அடங்கியது. அப்பா அதைக் கிளப்ப மறுபடி அதன் கயிற்றை இழுக்கப் போனார்.

"அம்மா, நிறுத்தச் சொல்லு."

அம்மா ஏன் என்று கேட்கவில்லை. கையிலிருந்த கயிற்றை இரண்டு தடவை சுண்டினாள். ஒரு சுண்டு என்றால் கவனம், இரண்டு என்றால் நிறுத்து. அதற்குப் பிறகு என்ன கோபம் வந்தாலும் அப்பா ரம்பத்தைத் தொடமாட்டார். அவர்கள் இருவருக்கும் நடுவில் இருக்கிற ஒரே எழுதாத சட்டம் அது.

"என்னாச்சு?" என்று மேலிருந்து குரல் வந்தது.

"அப்பா, நீங்க எந்தக் கிளையில இருக்கீங்க?"

"மூணாவதுல. நீதானே எழுதினே?"

"எங்கேருந்து மூணாவது?"

இது என்ன கேள்வி என்கிற குரலில் பதில் வந்தது. "உச்சிலேருந்துதான். வேற எங்கேருந்து எண்ணுவாங்க?"

*

அதுதான் விஷயம். ஏறுகிறவனுக்கு மரம் உச்சியில் தொடங்குகிறது. முதலில் மேலே போய்க் கயிற்றைப் பூட்டிக்கொள்வான். பிறகு ஒவ்வொரு கிளையாகக் கீழே இறங்கி வருவான். கீழ்க்கிளையை முதலில் வெட்டிவிட்டால் திரும்பி வரும்போது கால் வைக்க இடம் இருக்காது. அதனால் அந்த வீட்டில் கிளை என்றால் உச்சியிலிருந்துதான் எண்ணிக்கை. சாப்பிடும்போதும் அப்படித்தான் பேச்சு: "ரெண்டாவது லேசா இருந்துச்சு, நாலாவதுதான் படுத்திடுச்சு." குருவி பிறந்ததிலிருந்து கேட்டது அதைத்தான். வேறு விதமாக எண்ணலாம் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

ஆறு வாரத்துக்கு முன்னால் அப்பா இந்த மரத்தில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, குழாயடியில் கை கழுவிக்கொண்டே சொன்னார்: "மூணாவதுல கூடு விழுந்திருக்கு, உள்ளே மக்கிப் பொந்தாயிடுச்சு. மேல் பக்கமா இருக்கு. கீழேருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது." குருவி அதை அப்படியே படிவத்தில் எழுதினாள். 'மூன்றாவது கிளை. மேற்புறத்தில் கூடு. முழுமையாக நீக்க வேண்டும்.' எழுத்துப் பிழை ஒன்று இல்லை.

தரையில் நின்று பார்த்த அதிகாரி கீழிருந்து எண்ணி, நல்ல கிளைக்கு அனுமதி தந்துவிட்டார்.

குருவி கையைக் குவித்துக்கொண்டு, மேலே நோக்கி இதையெல்லாம் சொல்லி முடித்தாள். தெருவில் பாதிப் பேருக்கும் கேட்டிருக்கும்.

"அதனால என்ன?" என்றார் அப்பா. "செத்தது இதுதான்னு எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். வெட்டிடறேன். பேப்பர் வந்து மரத்துல ஏறிப் பார்க்கப் போகுதா?"

"பேப்பர்ல என் பேர் இருக்குப்பா."

தன் பேர் போனால் எப்படி வலிக்கும் என்று அப்பாவுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சத்தம் கேட்டு டாக்டரம்மா கையுறையோடு வெளியே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் சுண்டிப் போயிற்று. "புது விண்ணப்பம் போட்டா எத்தனை நாள் ஆகும்?"

"ஆறு வாரம், டாக்டர்."

"அது வரைக்கும் இதுக்கு அடியில ஆளுங்களை உக்கார வைக்கச் சொல்றியா? அடுத்த வாரத்துலேருந்து காத்துக் காலம்."

"வேணாம் டாக்டர். நான் இப்பவே ஆபீஸுக்குப் போறேன். நான்தான் தப்பா எழுதிட்டேன்னு அவர்கிட்டச் சொல்லி, திருத்தித் தர முடியுமான்னு கேக்கறேன்."

"போகாதே," என்று மேலிருந்து வந்தது.

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அப்பா கிளையில் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். குரல் மட்டும் இறங்கிப் போயிருந்தது.

"ஆறு வாரம் ஆனா ஆகட்டும். நான் தினம் ஏறி இந்தக் கிளையைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டி வைக்கறேன். அந்த ஆளு முன்னாடி போய் மட்டும் நிக்காதே. நாலு வருஷமா நான் தப்புப் பண்ணலைன்னு சொல்லிட்டிருக்கேன். இந்தக் குடும்பம் தப்பாத்தான் எழுதும்னு நீ போய் எழுதிக் கொடுத்துட்டு வருவியா?"

அப்பா சொன்னதில் நியாயம் இருந்தது. இவள் இன்று போய்ச் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் அந்தப் பழைய அபராதத்தின் மேல் இன்னொரு முத்திரையாக விழும்.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றினார்.

"நான் வேலைக்குச் சேர்ந்த மூணாவது மாசம், எக்ஸ்ரே படத்தைத் திருப்பிப் பிடிச்சுப் பாத்துட்டு ஒருத்தருக்கு நல்ல பல்லைப் பிடுங்கிட்டேன்," என்றார், சாதாரணமாக.

வாசலில் காத்திருந்த ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"அப்புறம் என்ன பண்ணீங்க?" என்று குருவி கேட்டாள்.

"மயக்கம் தெளியறதுக்கு முன்னாடி அவர் பக்கத்துல போய் உக்காந்துக்கிட்டேன். முழிச்சதும் சொன்னேன். அப்பத்துலேருந்து அவர் என்கிட்டதான் வர்றார். நீயாவது பிடுங்கறதுக்கு முன்னாடி பாத்துட்டே."

குருவி அம்மாவைப் பார்த்தாள். அம்மா கவிழ்த்துப் போட்ட ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, கயிற்றை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ போ," என்றாள் அம்மா. "இவரை நான் பிடிச்சிருக்கேன்."

"நான் எறங்க மாட்டேன்," என்றார் அப்பா. "எறங்கினா வேலை நின்னு போச்சுன்னு தெருவுக்கே தெரிஞ்சிடும்."

"எறங்காதீங்க. யாரு எறங்கச் சொன்னா?"

குருவி ஸ்கூட்டரை எடுத்தாள்.

*

நகராட்சி அலுவலகத்துக்குப் பதினொரு படி. நாலு வருஷமாக இந்தக் குடும்பத்திலிருந்து அதில் ஏறி இறங்குவது குருவி மட்டும்தான். இன்றைக்குப் போல அவளுக்கு அது உயரமாக இருந்ததில்லை.

மர அதிகாரி ஒல்லியான மனிதர். மேஜைக் கண்ணாடிக்கு அடியில் காய்ந்த இலைகளை வரிசையாக வைத்திருப்பார், ஒவ்வொன்றுக்கும் கீழே பொடி எழுத்தில் பேர். அவள் கடிதத்தை விரித்து வைத்து, நின்றபடியே ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"வெட்டியாச்சா?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

"இல்ல சார்."

"எதையும் வெட்டலையா?"

"ஒரு இலையைக்கூடத் தொடலை."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மேல் பக்கம் கூடுன்னு எழுதியிருந்தீங்க. நான் கீழே நின்னு அரை மணி நேரம் பார்த்தேன், ஒண்ணும் தெரியலை. ஆனா இவ்வளவு தெளிவா எழுதியிருக்காங்களே, ஏறிப் பார்த்தவங்க எழுதினதுதானேன்னு நம்பிக் கையெழுத்துப் போட்டேன். இப்போ அது வேற கிளைன்னு வந்து நிக்கறீங்க. நான் எதைத்தான் நம்பறது?"

அந்த நம்பிக்கைதான் குருவியைக் குத்தியது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"தப்பு என்னோடதுதான் சார். எங்க வீட்டுல உச்சிலேருந்துதான் எண்ணுவோம். ஏறறவங்க மேலேருந்துதானே வேலையை ஆரம்பிப்பாங்க? கீழே இருக்கறதை முதல்ல வெட்டினா எங்கே காலை வைக்கறது? எங்க அப்பா காலத்துலேருந்தே அப்படித்தான். நான் கீழே நிக்கறவங்களை நினைச்சே பார்க்கலை."

"உங்க அப்பாவும் அப்படித்தான் எண்ணுவாரா?"

"அவர்கிட்டேருந்துதான் சார் நான் கத்துக்கிட்டேன்."

அதிகாரி பேனாவை மூடினார். மெதுவாக எழுந்து போய், சுவரோரம் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்து, அடித்தட்டிலிருந்து ஒரு பழுப்புக் கோப்பை எடுத்து வந்தார். அதன் மேலே அப்பாவின் பேர் இருந்தது. அதன் மேல் ஒரு சிவப்புக் கோடு.

உள்ளே அப்பாவின் கோணல் எழுத்தில் ஒரே வரி: 'இரண்டாவது கிளை செத்துவிட்டது, எடுக்க வேண்டும்.' பக்கத்தில் வேலை முடிந்த பிறகு அதிகாரி எடுத்த புகைப்படம். ஆறு கிளை மரம். ஒரு கிளை இருந்த இடத்தில் புது வெட்டு வெள்ளையாகத் தெரிந்தது.

அவர் பென்சில் நுனியைப் புகைப்படத்தில் மரத்தின் அடியில் வைத்தார். ஒன்று, இரண்டு என்று மேலே போனார். வெட்டு ஐந்தாவது இடத்தில் இருந்தது. பென்சிலை எடுத்து உச்சியில் வைத்தார். ஒன்று. இரண்டு. பென்சில் வெட்டின் மேல் நின்றது.

மறுபடி ஒரு தடவை எண்ணினார். மரம் மாறவில்லை.

குருவியும் பார்த்தாள். அவளுக்கு அழுகை வந்தது, வெட்கப்படாமல் அழுதாள். அது சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் அவளாலேயே சொல்லியிருக்க முடியாது. நாலு வருஷம் அந்த மனுஷன் சொன்னது ஒரே வாக்கியம். அதை அம்மாவைத் தவிர ஒருவரும் நம்பவில்லை. இவளும்தான், சில நாள் நம்பவில்லை.

"ரெண்டாவதைத்தான் வெட்டினேன்னு அவரு கத்தினாரு," என்றார் அதிகாரி. "ரெண்டாவது அப்படியே நிக்குதேன்னு நானும் கத்தினேன். வாய் கூசாம பொய் சொல்றாரேன்னு நினைச்சேன். அவரும் என்னைப் பத்தி அப்படியேதான் நினைச்சிருப்பாரு."

அப்பா என்ன நினைத்தார் என்பதை மரியாதையான இடத்தில் சொல்ல முடியாது.

"இந்தப் படிவத்தை எழுதினது யாரு தெரியுமா? நான்தான். 'எத்தனையாவது கிளை'ன்னு கேட்டிருக்கேன். எங்கேருந்து எண்ணணும்னு சொல்லலை. இந்தப் படிவத்தைப் பத்தி எனக்கு ரொம்பப் பெருமை வேற."

அவர் இழுப்பறையைத் திறந்து ரப்பர் முத்திரையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஹெல்மெட்டை எடுத்தார்.

"திருத்தம் போட எனக்கு அதிகாரம் இருக்கு. ஆனா கிளையைப் பார்க்காம போட மாட்டேன். அவரு எங்கே?"

"மரத்து மேல இருக்கார் சார்."

"எப்போ எறங்குவாரு?"

"எறங்க மாட்டார் சார்."

*

மரத்தடியில் கூட்டம் சேர்ந்திருந்தது. பல்வலிக்காரர்கள்கூட வலியை மறந்து தெருவில் நின்றார்கள். அதிகாரி தடுப்பைத் தாண்டி உள்ளே வந்து, ஹெல்மெட்டைக் கழற்றி, தலையை நன்றாகப் பின்னால் சாய்த்து மேலே பார்த்தார். அப்பா கீழே பார்த்தார். நாலு வருஷத்துக்கு அப்புறம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

அம்மா கயிற்றை இன்னொரு சுற்று சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

"மேலேருந்து எண்ணுங்க," என்று அதிகாரி குரல் கொடுத்தார். "நான் கீழேருந்து எண்ணறேன்."

"எதுக்கு?"

"எண்ணுங்களேன்."

அப்பா மகளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். வேண்டா வெறுப்பாகக் கையை உச்சிக்கிளை பக்கம் நீட்டினார். "ஒண்ணு."

"ஒண்ணு," என்று அதிகாரி அடிக்கிளையைக் காட்டினார்.

"ரெண்டு."

"ரெண்டு."

"மூணு," என்று அப்பா தான் உட்கார்ந்திருந்த கிளையைத் தட்டினார்.

"மூணு," என்று அதிகாரி தெருப்பக்கத்து நல்ல கிளையைக் காட்டினார்.

"நாலு," என்று இரண்டு பேரும் சொன்னபோது இரண்டு விரலும் ஒரே கிளையைக் காட்டின.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. நீட்டின விரல் நீட்டியபடியே நின்றது. அவர் படிக்காதவர் இல்லை, மந்தமானவரும் இல்லை. அந்த நாலாவது கிளையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பழைய மரம், பழைய படிக்கட்டு, தான் கத்தினது, எல்லாம் அங்கே வந்து சேர்வது கீழே நின்ற குருவிக்கே தெரிந்தது.

"அன்னிக்கும் இந்த மாதிரி நடுக்கிளைக்கு நீங்க மனு போட்டிருந்தா நமக்குள்ள சண்டையே வந்திருக்காது," என்றார் அதிகாரி. பிறகு, தெருவே கேட்கட்டும் என்று குரலை இன்னும் உயர்த்தினார். "நீங்க எழுதினதைத்தான் வெட்டியிருக்கீங்க. நான்தான் உங்களைப் பொய் சொல்றவர்னு எழுதிட்டேன். மன்னிச்சுக்குங்க."

நான் பல மன்னிப்புகளைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் கதவைச் சாத்திக்கொண்டு, காதோடு காதாகச் சொல்வார்கள். கழுத்து வலிக்க அண்ணாந்து, அத்தனை பேர் நடுவில், மரத்து மேல் இருக்கிறவரிடம் சத்தமாகக் கேட்ட மன்னிப்பு இது ஒன்றுதான். அந்த மனிதர் மேல் எனக்கே மரியாதை வந்துவிட்டது.

அப்பா முகத்தை இலைப்பக்கம் திருப்பிக்கொண்டார். அம்மாவின் கையில் இருந்த கயிறு மட்டும் லேசாக நடுங்கியது. மேலே அவர் என்ன செய்கிறார் என்று அவளுக்குத் தெரியும், அவள் யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எதிர்வீட்டு மாடிக்கு ஏறிப் பாருங்க. கூடு அங்கேருந்து தெரியும்," என்றார்.

அதிகாரி எதிர்வீட்டு மாடிக்குப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்தவருக்கு வியர்த்திருந்தது. லாரியின் முன்பக்கத்தில் கடிதத்தை வைத்து, 'கீழிருந்து ஐந்தாவது, மேலிருந்து மூன்றாவது' என்று இரண்டு கணக்கையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, முத்திரையைக் குத்தினார். குருவி இந்தத் தடவை இரண்டு பக்கத்தையும் படித்தாள். மூன்றாவதாக ஒரு பக்கம் இருக்கிறதா என்றும் பார்த்தாள்.

"முதலாளி," என்று மேலிருந்து குரல் வந்தது. "வெட்டலாமா?"

காலையில் இருந்த கிண்டல் அதில் இல்லை. உண்மையாகவே கேட்டார். பதிலுக்காகக் காத்திருந்தார்.

"வெட்டுங்கப்பா," என்றாள் குருவி.

கூரையில் ஒரு சுள்ளி விழாமல், கிளையைத் துண்டு துண்டாகக் கயிற்றில் கட்டி இறக்கினார். அடித்துண்டு தரைக்கு வந்ததும் அதிகாரி முழங்காலிட்டு அதன் மேல் பக்கத்துப் பொந்தில் கையை விட்டார். முழங்கை வரைக்கும் உள்ளே போயிற்று. வெளியே எடுத்தபோது கை நிறைய ஈரமான மக்குத் தூள்.

டாக்டரம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "வேர் வரைக்கும் போயிருக்கே," என்றார், தன் தொழில் பாஷையில்.

அப்பா இறங்கி வந்து பெல்ட்டை அவிழ்த்தார். அதிகாரியும் அவரும் என்ன பேசுவது என்று தெரியாமல் பக்கத்தில் பக்கத்தில் நின்று, மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல கிளை தெருவின் மேல் பச்சையாக விரிந்து நின்றது.

"உங்க பொண்ணு வந்து சொல்லலைன்னா இந்நேரம் அது கீழே கிடந்திருக்கும். இல்லைன்னா இன்னொரு அபராதம்," என்றார் அதிகாரி.

"அது என் பொண்ணு," என்றார் அப்பா.

புறப்படும் முன் அதிகாரி அவரைத் தனியாகக் கூப்பிட்டார். குருவியும் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"பட்டியல்ல உங்க பேரை மறுபடி சேர்க்க எனக்கு அதிகாரம் இல்லை. நகராட்சி மரக் குழுதான் முடிவு பண்ணணும். வியாழக்கிழமை கூடுது. நான் கோப்பை வைக்கறேன், என் தப்பையும் எழுதறேன். ஆனா நீங்க நேர்ல வந்து பேசணும். உங்க வாயால கேக்காம சேர்க்க மாட்டாங்க."

அப்பா தன் பூட்ஸைப் பார்த்தார்.

"இன்னொரு விஷயம்," என்று அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "அந்தப் பழைய மரம் யாரு வீட்டு மரம்னு ஞாபகம் இருக்கா?"

"எப்படி மறக்கும்? அந்த ஆளுதானே உங்ககிட்டப் புகார் பண்ணினது. நல்ல கிளையை வெட்டிட்டேன்னு."

"அவர்தான் இப்போ குழுத் தலைவர்."

*

வெயில் சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அப்பா வாசலில் உட்கார்ந்து கயிறுகளை ஈரத்துணியால் துடைத்துச் சுருட்டினார். வழக்கமாக அரை மணியில் முடிகிற வேலைக்கு இன்று ஒரு மணி நேரம் ஆயிற்று. வியாழக்கிழமையைப் பற்றி ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. குருவி இரண்டு தடவை ஆரம்பித்தாள், அம்மா இரண்டு தடவையும் கண்ணாலேயே அடக்கினாள்.

கடைசிக் கயிற்றை ஆணியில் மாட்டிவிட்டு அப்பா உள்ளே வந்தார்.

"இந்தா, அந்த வெள்ளைச் சட்டை எங்கே?"

"எந்த வெள்ளைச் சட்டை?"

"அதான். அன்னிக்கு அந்த ஆபீஸுக்குப் போட்டுட்டுப் போனேனே."

அந்தச் சட்டையை அவர் அன்று கழற்றி எறிந்தார். அவள் துவைத்து மடித்து எடுத்து வைத்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே எடுத்து உதறி மறுபடி மடித்து வைப்பாள். அவரிடம் சொன்னதில்லை.

"அலமாரியில, ரெண்டாவது தட்டுல இருக்கு," என்றாள், ஒன்றுமே நடக்காத மாதிரி.

அப்பா அலமாரிக் கதவைத் திறந்தார். உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, இருபத்தாறு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டார்.

"மேலேருந்தா, கீழேருந்தா?"

குருவி சிரித்துவிட்டாள். அம்மாவும் சிரித்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"சட்டையை எங்கேருந்து வேணும்னாலும் எண்ணிக்குங்க," என்றாள். "அந்தப் பதினொரு படியை மட்டும் கீழேருந்துதான் ஏறணும்."

அப்பா சட்டையை எடுத்து மேஜையில் விரித்து, காலரை நீவிவிட்டு, இஸ்திரிப் பெட்டியின் ஒயரைச் சுவரில் செருகினார்.